ஹட்டன் பக்கத்து லேத் பட்டறையும் எங்கள் கியர்பொக்ஸும்

அவசரமாக வேலை முடிய வேண்டியவர்கள் இந்தப் பட்டறைப் பக்கம் போக வேண்டாம். ஐந்து நாளில் தருகிறேன் என்று சொன்ன வேலையை இருபத்து மூன்றாம் நாள் தந்தவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனாலும் இன்னொரு எஞ்சினுக்கு இன்னொரு கியர்பொக்ஸ் பூட்ட வேண்டி வந்தால், திட்டிக்கொண்டே நேரே அங்கேதான் போவேன். ஏன் என்று சொல்ல முதலில் எங்கள் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நானும் மாமாவும் சேர்ந்து (முப்பது வருசம் தோட்டத்து லொறி ஓட்டியவர்) வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இரண்டு பேர் உட்காரும் வண்டி ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். இரண்டுக்கு இரண்டு பொக்ஸ் பாரில் (சதுர இரும்புக் குழாய்) சட்டம், பின்னால் கேஈ70 கொரொல்லாவின் டிஃப் (பின்வீல்களைச் சுற்றும் பல்சக்கரப் பெட்டி), அதே காரின் கே50 ஐந்து கியர் பொக்ஸ். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்குப் போய் மஹாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்தை வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வந்த இரவில் பிடித்த பைத்தியம் இது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய கார் விற்ற விலைக்கு எதையாவது வாங்கி ஓட்டுவதை நினைக்கவே முடியவில்லை, 2025 பெப்ரவரியில் திறந்துவிட்ட பிறகும் எங்கள் பொக்கெட்டுக்கு ஒன்றும் மாறவில்லை. கையில் இருந்ததை வைத்துக் கட்டுவோம் என்று இறங்கினோம். நம்பர் இல்லாத வண்டி, அதனால் பெரிய ரோட்டில் இறக்குவதில்லை. தோட்டத்து ரோட்டில் மட்டும், அதுவும் துரையிடம் (தோட்டத்து மேலாளர்) கேட்டுவிட்டு.

கேஈ70க்குச் சொந்தமான 4கே எஞ்சின் 1290 சிசி, எங்களுக்குக் கிடைத்ததின் புளொக் வெடித்திருந்தது. அதனால் எஞ்சின் மட்டும் ஏஈ100 கொரொல்லாவின் 5ஏ-எஃப்ஈ, 1498 சிசி. சிசி கூடியதில் எனக்கு ஆசை என்பது உண்மைதான், ஆனால் அதற்கு இந்த மலையில் ஒரு நியாயமும் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சினுக்கு நூறு மீட்டர் ஏற ஏற ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று பலம் குறையும். நுவரெலியா 1868 மீட்டர். கொழும்பில் நூறு குதிரை இழுக்கும் எஞ்சின் அங்கே போனால் எண்பத்துச் சொச்சம்தான்.

சிக்கல் என்னவென்றால், இந்த எஞ்சின் முன்வீல் இழுக்கும் காருக்குள் குறுக்கே கிடந்தது, கியர்பொக்ஸ் பின்வீல் தள்ளும் காருடையது. இரண்டும் டொயோட்டாதான், ஆனால் மாமியார் மருமகள் மாதிரி, ஒரு பொல்ட் ஓட்டைகூட ஒத்துப்போகவில்லை. நடுவில் ஒரு பிளேட் வேண்டும். ஒரு பக்கம் எஞ்சினின் ஓட்டைகள், மறுபக்கம் கியர்பொக்ஸின் ஓட்டைகள். கேட்க இவ்வளவுதான். நாங்களும் இவ்வளவுதான் என்று நினைத்துத்தான் முதலில் வேறொரு இடத்தில் கொடுத்தோம்.

அந்த முதல் இடத்தின் பெயர் வேண்டாம். கீழ்நாட்டில் ஓரளவு பெரிய இடம், வெளிச்சமான இடம், கண்ணாடிக் கதவு, ரசீது எல்லாம் உண்டு. எஞ்சினைக் கொண்டுவரத் தேவையில்லை, கடதாசியில் பதித்து அனுப்புங்கள் போதும் என்றார்கள். ஒரு பெரிய அட்டையை எஞ்சினின் பின்முகத்தில் வைத்துத் தட்டித் தட்டி ஓட்டைகளின் அச்சை எடுத்தோம், கியர்பொக்ஸுக்கு இன்னொரு அட்டை. நாலே நாளில் பிளேட் பார்சலில் வந்தது, 22,000 ரூபா. பார்க்க அவ்வளவு அழகு, பூசைத்தட்டு மாதிரி மினுமினுப்பு. பூட்டும்போது கியர்பொக்ஸ் கடைசி அரை அங்குலம் உள்ளே போகவில்லை. போனில் கேட்டதற்கு, பொல்ட்டை மாற்றி மாற்றி இறுக்குங்கள், தானாக இழுத்துக்கொள்ளும் என்றார்கள். இறுக்கினோம். டக் என்று ஒரு சத்தம், கியர்பொக்ஸ் கூட்டில் பொல்ட் போகும் காது ஒன்று உடைந்து மாமாவின் காலடியில் விழுந்தது. அந்தக் காதை ஆர்கன் வெல்டிங்கில் ஒட்ட இன்னொரு 6,000.

காது ஒட்டிய பிறகு எப்படியோ பூட்டி ஓட்டினோம். முதல் நாளே கிளச்சை முழுதாக மிதித்தாலும் முதல் கியர் கறகற என்றது. ஒரு மாதம் போகவில்லை, நடுவில் கியர்பொக்ஸ் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் புஷ் என்ற வளையம் முட்டை வடிவமாகத் தேய்ந்து போயிற்று, கியர்பொக்ஸின் முன் சீலிலிருந்து எண்ணெய் கிளச் பிளேட்டில் சொட்ட ஆரம்பித்தது. அப்போதுதான் பக்கத்துத் தோட்டத்தில் ஓய்வுபெற்ற டீமேக்கர் ஒருவர் இந்தப் பட்டறையைச் சொன்னார். "கார் வேலை செய்வானோ என்னவோ தெரியாது, ஆனா அளக்கத் தெரிஞ்சவன்" என்றார்.

பட்டறை ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்கு வரும் வழியில், ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. எஞ்சினை இறக்க நாலு பேர் வேண்டும், மழை நாளில் ஆறு பேர். உள்ளே இரண்டு லேத், ஒரு பெரிய டிரில், ஒரு மில்லிங் மெஷின், மூலையில் விளக்கு ஏற்றிய சாமி மாடம். பாஸ் முன்பு தோட்டத்து பெக்டரியில் பிட்டராக இருந்தவர், இப்போதும் பாதிக்கு மேல் பெக்டரி வேலைதான்: ரோலர் புஷ், விதரிங் ஃபேன் ஷாஃப்ட், டிரையர் செயின் என்று. ரோதை முனியைக் (பெக்டரி மெஷின்களுக்குக் காவல் சாமி) கும்பிட்டு வளர்ந்த கை அது, சுற்றுகிற எதைக் கண்டாலும் முதலில் காதை வைத்துக் கேட்கிறார்.

நான் பழைய பிளேட்டை மட்டும் எடுத்துப் போயிருந்தேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பிளேட்டு இல்ல, பெரிய வாஷர். எஞ்சின் எங்க, பொக்ஸ் எங்க? ரெண்டும் வராம வேலை இல்ல" என்றார். அப்புறம் இன்னொன்று: கியர்பொக்ஸின் உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் கூட்டோடு வரவேண்டும். எனக்கு எரிச்சல். எப்படியும் பேரிங்கும் சின்குரோ வளையங்களும் மாற்ற வேண்டி இருந்ததால் சரி என்று கழற்றினோம். கழற்றுமுன் மாமா ஒரு வேலை செய்தார், அதை இங்கே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் உதவும். முதல் கியரைப் போட்டு முன் ஷாஃப்டை (இன்புட் ஷாஃப்ட்) கையால் சுற்றி எண்ணினார். பின்பக்கம் 5 சுற்றுக்கு முன்பக்கம் 19 சுற்று, அதாவது 3.8. டிஃப்பையும் அதேபோல வீல் இரண்டையும் ஒன்றாகச் சுற்றி எண்ணினால் வீல் 10 சுற்றுக்கு பினியன் 41. எங்கள் 13 அங்குல டயரோடு கணக்குப் போட்டால், முதல் கியரில் எஞ்சின் 1000 சுற்றுக்கு வண்டி மணிக்கு 7 கிலோமீட்டர்தான் ஓடும். கொழுந்து மடுவத்துக்கு (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) ஏறும் கல் ரோட்டுக்கு அது போதும், இன்னும் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் கோபமில்லை.

சரி, பட்டறைக்கு வருவோம். அவர் செய்ததில் பாதி நேரம் எதையும் வெட்டவே இல்லை, அளந்துகொண்டே இருந்தார். முதலில் பழைய பிளேட்டையே எஞ்சினில் பூட்டி, அதன்மேல் வெறும் கூட்டைப் பூட்டினார். பிளைவீலில் (எஞ்சின் அச்சின் பின்முனையில் சுற்றும் கனச் சக்கரம்) காந்தக்கால் வைத்த டயல் கேஜை (முள் வைத்த நுண்ணளவுக் கருவி) நிறுத்தி, அதன் முனையை கூட்டில் இன்புட் ஷாஃப்ட் பேரிங் உட்காரும் ஓட்டையின் உள்சுவரில் தொட வைத்து, பிளக்குகளைக் கழற்றிவிட்டு கிராங்கை (அந்த எஞ்சின் அச்சு) மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னார். முள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 0.90 மில்லிமீட்டர் ஓடியது. சென்டர் விலகல் அதில் பாதி, 0.45. ஆயிரத்தில் ஐந்து அங்குலத்துக்குள், அதாவது 0.13 மில்லிமீட்டருக்குள் விலகல் இருக்க வேண்டும் என்பது இந்த வேலையில் பொதுவான கணக்கு. 0.45 என்றால் நாலரைக் கடதாசித் தாள் கனம், இதற்கா இவ்வளவு பாடு என்று நான் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஷாஃப்டின் ஒரு முனையை கிராங்கின் நடுவில் இருக்கும் புஷ் பிடிக்கிறது, மறுபக்கத்தைக் கூட்டின் பேரிங் பிடிக்கிறது, இரண்டும் ஒரே கோட்டில் இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஷாஃப்டும் கிளச் பிளேட்டின் நடுப்பகுதியும் ஒரு தடவை வளைந்து நிமிர வேண்டும், 3000 சுற்றில் ஓடினால் விநாடிக்கு 50 தடவை. "ஒரு கம்பிய ஒடிக்கணும்னா நீ என்ன செய்வ? வளைச்சு வளைச்சுத்தானே ஒடிப்ப?" என்றார். எங்கள் கறகறவும் முட்டைப் புஷ்ஷும் எண்ணெய்க் கசிவும் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிட்டன.

பழைய பிளேட்டில் டோவல் என்ற முளையே இல்லை என்பதைக் காட்டினார். பொல்ட்டுகள் இறுக்கிப் பிடிக்கத்தான். அவற்றின் ஓட்டையில் எப்போதும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், இருக்கவும் வேண்டும். இடத்தைச் சொல்வது டோவல். எஞ்சின் புளொக்கில் இரண்டு டோவல் கம்பனியிலிருந்தே வந்திருக்கிறது, அட்டையில் அச்செடுத்த எங்களுக்கு அவை வெறும் இரண்டு பெரிய ஓட்டைகளாகத்தான் பட்டன.

புதிய பிளேட்டை நாலு நூல் (அரை அங்குல) இரும்புத் தகட்டில் வெட்டினார். (அலுமினியத்தில் செய்தால் பாரம் குறையும், ஆனால் அந்தக் கனத்தில் தகடு தேடிக் கொழும்புக்குப் போக வேண்டும், விலையும் எட்டவில்லை.) எஞ்சின் பக்கத்து டோவல் ஓட்டைகளை இறுக்கமாக முடித்து பிளேட்டை புளொக்கில் உட்கார வைத்தார். கியர்பொக்ஸ் பக்கம் பொல்ட் ஓட்டைகளை வேண்டுமென்றே கொஞ்சம் பெரிதாக விட்டார். கூட்டை வைத்துப் பொல்ட்டுகளைப் பாதி இறுக்கி, டயல் கேஜைப் பார்த்துக்கொண்டே மரச்சுத்தியலால் தட்டினார். கிராங்கைச் சுற்று, பார், தட்டு. மறுபடி சுற்று, பார், தட்டு. பின்னேரம் இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முள் மொத்தமே 0.12 தான் ஓடியது, விலகல் 0.06. பிறகு கூட்டின் முகத்தையும் அதேபோல முள்ளால் சுற்றிப் பார்த்தார், சென்டர் சரியாக இருந்தாலும் கூடு சாய்ந்திருந்தால் பலனில்லை. எல்லாம் சரி என்றதும் பொல்ட்டை முழுதாக இறுக்கி, கூட்டையும் பிளேட்டையும் சேர்த்தே ஓட்டை போட்டு, ரீமர் விட்டு இரண்டு டோவல் அடித்தார். இனி எத்தனை தடவை கழற்றிப் பூட்டினாலும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும். காசு கொடுத்தது இந்த மூன்று மணித்தியாலத்துக்கு என்றுதான் நான் கணக்கு வைத்திருக்கிறேன், தகடு யாரும் வெட்டுவார்கள்.

பிளேட்டின் கனத்தால் கியர்பொக்ஸ் அரை அங்குலம் பின்னால் போகிறது அல்லவா, அப்போது ஷாஃப்டின் நுனி கிராங்கின் நடுவில் எட்டவில்லை. எங்கள் எஞ்சின் ஒட்டோ கியர் காரிலிருந்து வந்தது, அந்த ஓட்டையில் புஷ்ஷே இருக்கவில்லை, முதல் தடவை போட்டது பெயருக்கு ஒரு வளையம். இவர் ரோலர் வேலைக்கு வைத்திருந்த கன்மெட்டல் துண்டிலிருந்து மூக்கு நீண்ட ஒரு புஷ் கடைந்து தந்தார். ஷாஃப்ட் நுனி உள்ளே போய் அடியில் முட்டினால் கிராங்கையே முன்னால் தள்ளும் என்று சொல்லி, அதைச் சோதிக்க அவர் வீட்டம்மாவிடம் கேட்டு வாங்கியது ஒரு உருண்டை ரொட்டி மாவு. ஓட்டைக்குள் மாவை வைத்து, கியர்பொக்ஸைப் பூட்டிக் கழற்றி, நசுங்கிய மாவை வேனியரில் அளந்தார். 3 மில்லிமீட்டர். போதும் என்றார். மிச்ச மாவை என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

பிளைவீல் கதை சுருக்கமாக. ஒட்டோ எஞ்சினில் மெல்லிய தகடுதான் இருக்கும், கிளச்சுக்கு மெனுவல் காரின் பிளைவீல் வேண்டும், அதற்கான நீளப் பொல்ட்டுகளும் வேண்டும். தகட்டின் பொல்ட்டைப் பிளைவீலுக்குப் போட்டால் மரை நாலு சுற்றுதான் பிடிக்கும், யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள். அவற்றை முதல் தடவையே போட்டிருந்தோம். எண்ணெய் பட்ட கிளச் பிளேட்டுக்குப் பதில் ஒன்று தேடி பஞ்சிகாவத்தைக்கு (கொழும்பில் பழைய உதிரிப்பாகக் கடைத்தெரு) போனேன், கூடவே கியர்பொக்ஸின் இன்புட் ஷாஃப்டையும் ஷொப்பிங் பையில் போட்டுக்கொண்டு போனேன், ஏனென்றால் கிளச் பிளேட்டின் வெளிவட்டம் எஞ்சின் பக்கத்துக்குப் பொருந்த வேண்டும், நடு ஸ்பிளைன் (ஷாஃப்டில் கோர்க்கும் பல்வரிசை) கியர்பொக்ஸுக்குப் பொருந்த வேண்டும். ஆறாவது கடையில் ஒன்று வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. பஸ்ஸில் திரும்பும்போது பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஷாஃப்டைப் பார்த்து பக்கத்து சீட் ஆள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். பிளைவீலின் முகத்தை பாஸ் லேத்தில் மெல்லியதாக வழித்துக் கொடுத்தார். ஸ்டார்டர் எஞ்சினின் சொந்த ஸ்டார்டராகவே இருக்கட்டும் என்று பிளேட்டிலேயே அதற்கு இருக்கை வெட்டினார், பல்லோடு பல் சரியாகக் கடிக்கிறது.

இனி குறைகள். நேரம் பற்றிச் சொல்லிவிட்டேன். வேலை நடுவில் ஒரு பெக்டரியில் ரோலர் நின்றுவிட்டது, கொழுந்து வாடிக் கிடக்கிறது என்று போன் வந்தால் உங்கள் எஞ்சின் மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் போய்விடுவார். நியாயம்தான், பச்சைக் கொழுந்து காத்திருக்காது, ஆனால் அதைப் போன் எடுத்துச் சொல்லலாமே? எடுக்க மாட்டார். நான் ஏழு தடவை வீணாகப் பஸ் ஏறினேன், இரண்டு தடவை போயா நாள் (பௌர்ணமி விடுமுறை) என்பது போன பிறகுதான் ஞாபகம் வந்தது, அது என் பிழை. ரசீது தருவதில்லை, சிகரட் பெட்டியின் பின்னால் கணக்குப் போடுகிறார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் கூட்டின் மூலைகளிலெல்லாம் இரும்புத் துருவல், மண்ணெண்ணெயில் கழுவிக் கழுவி மாமாவுக்குக் கை வெடித்துவிட்டது. பிளேட்டின் பாரமும் ஒரு குறைதான், வளையமாக வெட்டிய பிறகும் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் பொல்ட் போட முடியாது. மொத்தம் 48,000 ரூபா வாங்கினார், பிளேட், புஷ், டோவல், பிளைவீல், ஸ்டார்டர் இருக்கை எல்லாம் சேர்த்து. முதல் இடத்தின் இரண்டு மடங்குக்கு மேல். பேரம் பேசிப் பார்த்தேன், சிரித்துக்கொண்டே டீ கொடுத்தார், விலை குறையவில்லை.

பூட்டிய நாளில் கியர்பொக்ஸ் கையால் தள்ளிய மட்டில் உள்ளே போயிற்று. பழைய இன்புட் ஷாஃப்ட் துண்டொன்றை வைத்துக் கிளச் பிளேட்டை நடுவில் நிறுத்தினோம், மாமா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஒரு ஆட்டு, ஒரு தள்ளு, முகத்தோடு முகம் ஒட்டிவிட்டது. பொல்ட்டுக்கு இழுக்க ஒன்றும் மிச்சமில்லை. மாமா தன் காலைப் பத்திரமாகத் தள்ளியே வைத்திருந்தார்.

இப்போது மூன்று மாதம், தோட்டத்து ரோட்டில் 600 கிலோமீட்டருக்குக் கிட்ட ஓடியிருக்கும். முதல் கியர் சத்தமில்லாமல் விழுகிறது. கிளச்சை மிதித்தாலும் விட்டாலும் நியூட்ரலில் பேரிங் சத்தம் மாறவில்லை. போன கிழமை சும்மா சந்தேகத்துக்குக் கழற்றிப் பார்த்தோம், புஷ் வட்டமாகத்தான் இருக்கிறது, சீலில் எண்ணெய்க் கசிவே இல்லை. மணிக்கு 50 தாண்டினால் ஒரு நடுக்கம் வருகிறது, அது புரொபெல்லர் ஷாஃப்டின் இரண்டு முனைச் சரிவும் ஒன்றாக இல்லாததால், கியர்பொக்ஸின் பின் மவுண்டை வெல்டிங் அடித்தது நான், பட்டறைக்கு அதில் பங்கில்லை. 5ஏயின் டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டின் பின்பக்கம் கியர்பொக்ஸ் பக்கமாக இருப்பதால் நெருப்புச்சுவரில் (எஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவில் உள்ள தகடு) ஒரு குழி தட்ட வேண்டி வந்ததும் நாங்கள் முதலே யோசிக்காத விஷயம்.

போகிறவர்களுக்கு: எஞ்சின், வெறும் கூடு, பிளைவீல், கிளச் செட், ஸ்டார்டர், இன்புட் ஷாஃப்ட், எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொண்டுபோங்கள், ஒன்று குறைந்தாலும் ஒரு கிழமை போய்விடும். காலையில் போங்கள். பின்னேரம் நாலு மணிக்கு மேல் டீ கிடைக்கும், வேலை பெரும்பாலும் நடக்காது.

பிளேட்டின் அடியில் சேறு ஏறாமல் மூடும் தகடு ஒன்று தருவதாகச் சொல்லியிருந்தார், மறந்துவிட்டார். நேற்று போய்க் கேட்டேன். அடுத்த கிழமை என்றார். அதுவரைக்கும் ரப்பர் துண்டைக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறேன்.